நிறத்தைக் கடைசியில் பாருங்கள்: களக் கையேட்டுடன் தட்டான்களை அடையாளம் காண ஒரு முழுமையான வழிகாட்டி

ஏரிக்கரையில் ஒரு சிவப்புத் தட்டான் கோரை நுனியில் வந்து உட்காருகிறது. கையேட்டைப் புரட்டினால் ஐந்தாறு பக்கங்களில் சிவப்புத் தட்டான்கள். எல்லாம் ஒன்றுபோலவே தெரிகின்றன. எது என்று முடிவு செய்வதற்குள் பூச்சி பறந்துவிடுகிறது. புதிதாகத் தொடங்கும் எல்லோருக்கும் இது நடக்கும். குறை கையேட்டில் இல்லை, நிறத்திலிருந்து தொடங்கியதில் இருக்கிறது. தட்டானின் நிறம் வயதோடு மாறும். ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று என்று இருக்கும். வெயில் விழும் கோணத்துக்கு ஏற்ப வேறாகவும் தெரியும். உடல்வாகு, உட்காரும் விதம், சிறகின் அமைப்பு, வாழும் நீர்நிலை ஆகியவை அவ்வளவு எளிதில் மாறுவதில்லை. இவற்றை முதலில் பார்த்துவிட்டு நிறத்துக்கு வந்தால் கையேடு சரியாக வேலை செய்யும்.

இந்த வழிகாட்டி தமிழ்நாட்டுச் சமவெளியையும் மலையடிவாரங்களையும் மனத்தில் வைத்து எழுதப்பட்டது. ஊசித்தட்டான்களையும் சேர்த்து உலகில் 6,000-க்கும் மேற்பட்ட தட்டான் வகைகள் உள்ளன. இந்தியாவில் மட்டும் ஏறத்தாழ 500 வகைகள். ஆனால் உங்கள் ஊர்க் குளத்தில் ஒரு காலை நேரத்தில் கண்ணில் படுவது பத்து முதல் இருபது வகைதான். அந்த இருபதை நன்றாகப் பழகிக்கொண்டால் புதிதாக வரும் இருபத்தொன்றாவது தானாகத் தனித்துத் தெரியும்.

பெயர் பற்றி ஒரு சொல். தட்டான், தட்டாரப்பூச்சி, தும்பி என்று ஊருக்கு ஊர் வேறுபடுகிறது. சங்கப் பாடல்களில் பூவில் தேனெடுக்கும் தும்பி வண்டினம். தட்டான் தேன் குடிப்பதில்லை, அது பிற பூச்சிகளை வேட்டையாடும். ஒவ்வொரு வகைக்கும் எல்லோரும் ஒப்புக்கொண்ட தமிழ்ப் பெயர் இன்னும் நிலைபெறாததால், இங்கே அறிவியல் பெயர்களையே தந்திருக்கிறோம். கையேட்டின் அகரவரிசையில் தேடவும் அவைதான் உதவும்.

முதல் பிரிப்பு: தட்டானா, ஊசித்தட்டானா

கையேட்டின் முதல் பாதியா, இரண்டாம் பாதியா என்பது இங்கேயே முடிவாகிவிடும். தட்டானின் உடல் தடித்திருக்கும். பின்சிறகின் அடிப்பகுதி முன்சிறகைவிட அகலமாக இருக்கும். உட்காரும்போது சிறகுகளை விரித்தே வைத்திருக்கும். ஊசித்தட்டானின் வயிறு, அதாவது நாம் வால் என்று சொல்லும் நீண்ட பகுதி, குச்சிபோல மெலிந்தது. நான்கு சிறகுகளும் ஏறக்குறைய ஒரே வடிவம். பெரும்பாலும் அவற்றை முதுகின் மேல் சேர்த்து வைத்துக்கொள்ளும்.

சிறகை மட்டும் நம்பினால் சில இடங்களில் தவறும். லெஸ்டிடே குடும்பத்து ஊசித்தட்டான்கள் சில நேரம் சிறகைப் பாதி விரித்து உட்காரும். அப்போது கண்களைப் பாருங்கள். ஊசித்தட்டானின் கண்கள் தலையின் இரு ஓரங்களிலும் உடற்பயிற்சி எடைக்கட்டையின் இரு குண்டுகள்போல விலகி நிற்கும். தட்டானுக்கு அவை உச்சந்தலையில் ஒட்டியிருக்கும். இதற்கும் ஒரு விலக்கு உண்டு: கோம்பிடே குடும்பத்தின் கண்கள் ஒட்டாது. ஆனால் தடித்த உடலும் விரித்த சிறகும் அதைத் தட்டான் என்று காட்டிவிடும்.

கையேட்டை வீட்டிலேயே படியுங்கள்

கரையில் நின்று முதல் பக்கத்திலிருந்து புரட்டுவதில் பயனில்லை. தென்னிந்தியாவுக்கு, கே. ஏ. சுப்ரமணியன் எழுதி 2005-ல் பெங்களூரு இந்திய அறிவியல் அகாடமி வெளியிட்ட தீபகற்ப இந்தியக் களக் கையேடு தொடங்குவதற்கு ஏற்றது. ஆங்கிலத்தில் உள்ளது. அதற்கும் முன்னால் எஃப். சி. ஃபிரேசர் 1933, 1934, 1936 ஆண்டுகளில் மூன்று தொகுதிகளாக எழுதியவைதான் இன்றைய இந்தியக் கையேடுகளுக்கு அடித்தளம். அவை சிறகு நரம்புகளை எண்ணிப் பார்க்கும் அளவுக்கு நுணுக்கமானவை. முதல் ஆண்டில் தேவைப்படாது.

எந்தக் கையேடாக இருந்தாலும் மூன்றைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, அளவு. தலை முதல் வால்நுனி வரையுள்ள முழு நீளத்தைக் கையேடுகள் பெரும்பாலும் தருவதில்லை. வயிற்றின் நீளம், பின்சிறகின் நீளம் என்று தனித்தனியாகவே தருகின்றன. 'வயிறு 30 மி.மீ' என்பதை முழுப் பூச்சியின் நீளம் என்று எடுத்துக்கொண்டால், எல்லாத் தட்டானும் புத்தகத்தில் உள்ளதைவிடப் பெரிதாகத் தோன்றும். தவறான பக்கத்துக்குப் போய்விடுவீர்கள்.

இரண்டாவது, படம். பல பக்கங்களில் முதிர்ந்த ஆணின் படம்தான் இருக்கும். பெண், இளம் ஆண் பற்றிய செய்தி கீழே ஒரு வரியில் ஒளிந்திருக்கும். அந்த வரியைப் பென்சிலால் அடிக்கோடிட்டு வையுங்கள்.

மூன்றாவது, மாறிய பெயர்கள். பழைய கையேடுகளில் இஸ்நூரா அரோரா என்று இருப்பது இப்போது இந்தியாவில் இஸ்நூரா ரூபிலியோ. ரைனோசைபா பைசிக்னேட்டா இப்போது ஹீலியோசைபா பைசிக்னேட்டா. இணையத்தில் பெயர் பொருந்தவில்லை என்றால் முதலில் இதைச் சரிபாருங்கள்.

படிக்கும்போதே உங்கள் பகுதிக்கு வராதவற்றை ஒதுக்குங்கள். வேகமாக ஓடும் மலையோடைகளுக்கு உரியவை விழுப்புரத்து ஏரியில் வரப்போவதில்லை. பக்க ஓரத்தில் 'குளம்', 'வயல்', 'ஓடை' என்று எழுதிவைத்தால் தேட வேண்டிய பக்கங்கள் பெருமளவு குறைந்துவிடும்.

கையில் வேண்டியவை

இருகண் தொலைநோக்கி ஒன்று. இதில் பெருக்கத்தைவிட எவ்வளவு அருகில் கூர்மையாகத் தெரியும் என்பதே முக்கியம். பறவை பார்ப்பவர்களின் பல தொலைநோக்கிகள் 3 மீட்டருக்குள் வந்தால் மங்கிவிடும். 2 மீட்டர் அல்லது அதற்குக் குறைவான தூரத்தில் தெளிவாகக் காட்டும் 8×32 அல்லது 8×42 (8 மடங்கு பெருக்கம், 32 அல்லது 42 மி.மீ முன்கண்ணாடி) போதும். பென்டாக்ஸ் பப்பிலியோ போன்றவை 50 செ.மீ வரை தெளிவாகக் காட்டும். வாங்குவதற்கு முன் கடையிலேயே உங்கள் செருப்பைப் பார்த்துச் சோதியுங்கள். செருப்பின் தையல் தெளிவாகத் தெரிந்தால் அது தட்டானுக்குப் போதுமானது. தொலைநோக்கியைத் தலைகீழாகத் திருப்பிக் கண் வைக்கும் பக்கத்தைப் பொருளுக்கு இரண்டு செ.மீ அருகில் கொண்டுபோனால் உருப்பெருக்கி ஆடியாகவும் பயன்படும்.

குறிப்பேடு, பென்சில், 15 செ.மீ அளவுகோல், தொப்பி, தண்ணீர். கேமரா இல்லையென்றால் கைபேசி போதும். வலை வேண்டாம். பார்வைக்காகச் செல்பவருக்குப் பிடிக்க வேண்டிய தேவையே இல்லை. காடுகளில் வனத்துறை அனுமதியின்றிப் பூச்சி பிடிப்பதும் கூடாது. குழந்தைகளைக் கூட்டிப்போனால் வாலில் நூல் கட்டி விளையாடும் பழக்கத்தை அங்கேயே நிறுத்துங்கள். நூல் இறுகும் அந்த வயிற்றின் பக்கவாட்டில்தான் தட்டான் மூச்சுவிடும் துளைகள் இருக்கின்றன.

எப்போது, எங்கே

'தும்பி பறந்தால் தூரத்தில் மழை' என்பார்கள். பார்ப்பவருக்கு மழைக்குப் பிந்தைய நாட்களே நல்லவை. சமவெளியில் மழை பெய்து குளங்களில் நீர் நின்ற இரண்டு மூன்று வாரங்களுக்குப் பிறகு எண்ணிக்கை கூடும். வடகிழக்குப் பருவமழையை ஒட்டிய மாதங்கள் செழிப்பானவை. மேற்குத் தொடர்ச்சி மலையோடைகளுக்கு மே, ஜூன் மாதங்களில் முதல் மழையை ஒட்டிய நாட்களும், செப்டம்பர் முதல் நவம்பர் வரையும் ஏற்றவை. ஆனால் மேலே மழை பெய்துகொண்டிருக்கும்போது ஓடைப் பாறைகளில் இறங்காதீர்கள். வெள்ளம் சொல்லிக்கொண்டு வராது.

ஒரு நாளில் மூன்று நேரங்கள் மூன்று விதம். விடிந்து முதல் ஒரு மணி நேரம் உடல் சூடேறாமல், பனித்துளியோடு புல்லில் தொங்கிக்கொண்டிருக்கும். படமெடுக்க இதைவிட நல்ல நேரம் இல்லை. 9 மணிக்கு மேல் நண்பகல் வரை ஆண்கள் கரையில் இடம் பிடித்துச் சண்டையிடும், இணைசேரும், முட்டையிடும்; நடத்தை பார்க்க இதுவே நேரம். உச்சிவெயிலில் சில தட்டான்கள் வாலை நேரே சூரியனை நோக்கித் தூக்கித் தலைகீழாக நிற்பதுபோல உட்காரும். உடலில் படும் வெயிலைக் குறைக்கும் வழி அது. நோயோ அடிபட்டதோ அல்ல. பொழுது சாயும்போது தோலிமிஸ் டில்லார்கா போன்ற அந்தித் தட்டான்கள் நீர்ப்பரப்பின் மேல் விரைந்து பறக்கும். ஆணின் பின்சிறகில் ஒரு வெள்ளை மேகத் திட்டு மங்கிய வெளிச்சத்திலும் மின்னும்.

நின்ற நீர், ஓடும் நீர், வயல், கல்தொட்டி ஆகியவற்றில் ஒவ்வொன்றுக்கும் தனிக் கூட்டம் உண்டு. நீர்நிலைக்குத் தொலைவில் காண்பதை மட்டும் வைத்து அதன் வாழிடத்தை முடிவு செய்யாதீர்கள். இளம் தட்டான்கள் முதிரும் வரை நீரை விட்டுப் புதர்களிலும் தோட்டங்களிலும் திரியும். பளபளப்பான காரின் கூரைமேல் வாலைத் தட்டித் தட்டி முட்டையிட முயலும் தட்டானையும் பார்க்கலாம். கிடைமட்டமாகப் பளபளக்கும் பரப்பிலிருந்து வரும் ஒளி நீர்ப்பரப்பின் ஒளியைப் போலவே இருப்பதால் அது ஏமாந்துபோகிறது.

நெருங்கும் முறை

தட்டான்களில் இரண்டு சாதி: உட்காருபவை, ஓயாமல் பறப்பவை. உட்காருபவை விரட்டினாலும் சற்று நேரத்தில் அதே குச்சிக்குத் திரும்பும். பின்னால் ஓட வேண்டாம். குச்சிக்கு இரண்டு மீட்டர் தள்ளி அசையாமல் நில்லுங்கள். உங்கள் நிழல் அதன்மேல் விழக்கூடாது. நேராக மெதுவாக முன்னேறுவதைவிடப் பக்கவாட்டு அசைவே அதை விரட்டும். கையை மேலே தூக்காதீர்கள். தொலைநோக்கியை முன்பே முகத்தருகே வைத்துக்கொண்டு நடங்கள்.

பறப்பவை ஒரே தடத்தில் ரோந்து போகும். ஒரு முனையில் நின்று, திரும்பி வர எத்தனை நொடி ஆகிறது என்று எண்ணுங்கள். இரண்டு மூன்று சுற்றில் எங்கே தாமதிக்கிறது என்பது பிடிபடும்; தொலைநோக்கியை அந்த இடத்தில் காத்திருக்க வையுங்கள்.

பார்க்க வேண்டிய வரிசை

பூச்சி நிற்கும் அந்தப் பத்து நொடியில் எல்லாவற்றையும் பார்க்க முடியாது. ஆகவே ஒரே வரிசையைப் பழகிக்கொள்ளுங்கள்.

உட்காரும் விதம் முதலில். கிளையில் செங்குத்தாகத் தொங்கினால் ஈஷ்னிடே குடும்பத்துப் பெருந்தட்டானாக இருக்கலாம். படுக்கைவாட்டில் குச்சிமேல் என்றால் பெரும்பாலும் லிபெலுலிடே. நம் குளங்களில் காண்பவற்றில் பெரும்பகுதி இந்தக் குடும்பம்தான். தரையிலா, சுவரிலா, புல் நுனியிலா என்பதையும் எழுதுங்கள். அதுவே சில வகைகளைக் காட்டிக்கொடுத்துவிடும்.

பிறகு வயிற்றின் வடிவம். ஒரே தடிமனா, நடுவில் இடுங்கியதா, அடியில் உப்பி நுனியில் சடாரென்று மெலிந்ததா? வயிறு பத்துக் கண்டங்களால், அதாவது வளையம்போன்ற துண்டுகளால், ஆனது. மார்பிலிருந்து எண்ணினால் முதல் இரண்டு கண்டங்கள் குழப்பும். வால்நுனியிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். வால்நுனியில் நீட்டிக்கொண்டிருக்கும் இடுக்கிபோன்ற உறுப்பு பொருந்தியிருக்கும் குட்டையான கண்டம் பத்தாவது. 'எட்டாம் கண்டம் முழு நீலம்' என்று கையேடு சொல்லும்போது ஊசித்தட்டான்களில் இந்த எண்ணிக்கைதான் முடிவைத் தரும்.

மூன்றாவது சிறகு. அடிப்பகுதியில் கறை உண்டா, அதன் நிறமும் பரப்பும் என்ன? முன்விளிம்பில் நுனிக்கு அருகே உள்ள சிறகுப் பொட்டு ஒரே நிறமா, இரு நிறமா? நரம்புகள் கறுப்பா, சிவப்பா?

நான்காவது மார்பின் பக்கவாட்டுக் கோடுகள். மேலிருந்து பார்ப்பவர்கள் இதைத் தவறவிடுகிறார்கள்.

ஐந்தாவது ஆணா பெண்ணா என்பது. பக்கவாட்டில் பாருங்கள். இரண்டாம் கண்டத்தின் அடியில் சிறு புடைப்பு இருந்தால் ஆண். இளம் ஆண்கள் பெண்ணின் நிறத்திலேயே இருப்பதால் நிறத்தை வைத்துப் பால் சொல்வது பெரிய பிழை. இதய வடிவில் இணைந்திருக்கும் ஜோடி கிடைத்தால் விடாதீர்கள். ஒரே படத்தில் ஒரு வகையின் ஆணும் பெண்ணும் கிடைத்துவிடும்.

நிறம் இப்போது. அதிலும் ஒரு எச்சரிக்கை. பல ஆண்கள் முதிரும்போது உடலில் மெழுகுப் பொடி படிந்து நீறு பூத்ததுபோல் சாம்பல் நீலமாகிவிடும். டிப்லகோடஸ் டிரிவியாலிஸ் இளமையில் பச்சை மஞ்சளில் கறுப்புக் கோடுகளுடன் இருந்து, முதிர்ந்த ஆணில் முழுக்க நீலமாகும். இடையில் பாதி நீறு பூத்த ஒன்றைக் கண்டு 'புதுவகை' என்று குதிக்க வேண்டாம். கண்ணாடிபோல் மின்னும் சிறகும் வெளிறிய உடலுமாகத் தடுமாறிப் பறப்பது சற்றுமுன் தோலுரித்து வெளிவந்தது. அதன் சிறகு இன்னும் இறுகவில்லை. அதைத் தொடவே கூடாது. நிறம் வைத்து அடையாளமும் சொல்ல முடியாது.

சிவப்புத் தட்டான்களைப் பிரித்தல்

முதலில் சொன்ன கோரை நுனித் தட்டானுக்கே திரும்புவோம். முதிர்ந்த ஆண் என்று உறுதியானபின் இப்படிக் கழித்துக்கொண்டே வாருங்கள்.

சிறகுகள் பாதிக்கு மேல் ஆரஞ்சு நிறமாக, சாக்கடை கலந்த நீரின் ஓரத்தில் கூட்டமாக இருந்தால் பிராகிதெமிஸ் கண்டாமினேட்டா. உடல் ரோஜா ஊதா கலந்த சிவப்பு, சிறகு நரம்புகளும் சிவப்பு, பின்சிறகின் அடியில் அகலமான தேன்நிறக் கறை என்றால் டிரைதெமிஸ் அரோரா. மார்பு கருநீலமாகவோ பழுப்பாகவோ இருக்க, வயிறு மட்டும் சிவந்திருந்தால் ஆர்தெட்ரம் புருயினோசம். எட்டாம் ஒன்பதாம் கண்டங்களின் மேல் கறுப்புத் திட்டும், பின்சிறகின் அடியில் அடர்ந்த பழுப்புக் கறையும் இருந்தால் யூரோதெமிஸ் சிக்னேட்டா. முகம், கால், மார்பு, வயிறு எல்லாமே இரத்தச் சிவப்பாக, வயிற்றின் நடுமுதுகில் மெல்லிய கறுப்புக் கோடு ஓடினால் குரோகோதெமிஸ் செர்விலியா. இந்தக் கடைசிக் கோடு எதிர்வெயிலில் தெரியாது. சூரியன் உங்கள் முதுகுப்பக்கம் வரும்படி நகர்ந்து பாருங்கள்; பலர் 'கோடு இல்லை' என்று எழுதுவது நின்ற இடத்தால்தான்.

தொடங்க ஏற்ற வகைகள்

ஆர்தெட்ரம் சபீனாவில் ஆணும் பெண்ணும் ஒன்றுபோல இருப்பதால் அதுவே முதல் பாடம். பச்சை மஞ்சள் உடலில் கறுப்புக் கோடுகள், அடியில் உப்பி நடுவில் மெலிந்த வயிறு, வால்நுனியில் வெள்ளை இடுக்கி. தன் அளவுள்ள பிற தட்டான்களையே பிடித்துத் தின்பதையும் காணலாம்.

வீட்டுச் சுவரிலும் பாறையிலும் ஒட்டினாற்போல் உட்காரும் சாம்பல் கறுப்புப் புள்ளித் தட்டான் பிராடினோபைகா ஜெமினேட்டா. சிமென்ட் தொட்டியிலேயே பெருகும். வண்ணத்துப்பூச்சிபோல மிதந்து பறக்கும், மஞ்சளில் கறுப்புத் திட்டுச் சிறகுள்ளது ரையோதெமிஸ் வேரிகேட்டா. நெல்வயலில், சிறகின் அடிப்பாதி கருநீலமாகவும் அடுத்து ஒரு வெள்ளைப் பட்டையுமாக இருப்பது நியூரோதெமிஸ் டுல்லியாவின் ஆண். நீல உடலில் பளிங்குக் கோலம், வயிறு குடம்போல் உப்பிச் சட்டென்று ஊசியாவது அசிசோமா பனோர்பாய்டஸ். குளத்தில் நீட்டிய குச்சியின் நுனியில் நீரைப் பார்த்து உட்காரும் பெரிய கறுப்பு மஞ்சள் தட்டான், எட்டாம் கண்டத்தின் இருபுறமும் இலைபோல் விரிந்திருந்தால், இக்டினோகோம்பஸ் ராபாக்ஸ்.

ஊசித்தட்டான்களில், மஞ்சள் வயிறுள்ள செரியாக்ரியான் கோரமண்டேலியானத்திலிருந்து தொடங்குங்கள். பெயரிலேயே சோழமண்டலக் கரை இருக்கிறது. நீல ஊசித்தட்டான்களைத் தள்ளிவையுங்கள். சூடாக்ரியான் பேரினத்தவற்றைப் பிரிக்க வால் இடுக்கியின் நெருக்கப் படம் வேண்டும்.

மழைக்காலத்தில் திடலின் மேல் கூட்டமாக, உட்காராமலே சுற்றும் பொன்மஞ்சள் தட்டான் பண்டாலா ஃபிளாவெசென்ஸ். பின்சிறகின் அடி மிக அகலம். மிதந்து செல்ல அதுதான் உதவுகிறது. அக்டோபரில் தொடங்கி மாலத்தீவில் இவை பெருந்திரளாக வந்திறங்குவதைத் தொடர்ந்து பதிவுசெய்த கடல் உயிரியலாளர் சார்லஸ் ஆண்டர்சன், இவை இந்தியாவிலிருந்து கடல் தாண்டிக் கிழக்கு ஆப்பிரிக்காவுக்குப் போகும் வழியில் இருப்பவை என்று 2009-ல் எழுதினார். உங்கள் ஊர்ப் பள்ளித் திடலில் தலைக்கு மேல் சுற்றுவது அதே வகைதான். கூட்டம் எந்தத் திசையில் நகர்கிறது, காற்று எந்தத் திசை என்று இரண்டையும் தேதியோடு குறித்துவையுங்கள்.

படமும் பதிவும்

ஒரு பூச்சிக்கு நான்கு படங்கள்: பக்கவாட்டில் ஒன்று, நேர் மேலிருந்து ஒன்று, முகம் ஒன்று, வால்நுனி ஒன்று. ஐந்தாவதாக இடத்தின் படம். முதல் படத்தைத் தொலைவிலேயே எடுத்துவிட்டு, இரண்டடிக்கு ஒன்றாக எடுத்துக்கொண்டே நெருங்குங்கள். ஓடிவிட்டாலும் ஏதோ ஒன்று மிஞ்சும். கேமராவின் பரப்பு பூச்சியின் உடலுக்கு இணையாக இருந்தால்தான் தலை முதல் வால் வரை தெளிவாக விழும். அமர்ந்ததற்கு 1/250 நொடி போதும். பறப்பதற்கு 1/1000-க்குக் குறையாத வேகம் வேண்டும். கைபேசியில் முகத்தருகே நீட்டுவதைவிட இரண்டு மடங்கு பெரிதாக்கிச் சற்றுத் தள்ளி நின்று எடுப்பது நல்லது.

உயிரினப் படங்களைப் பதிவிடும் ஐநேச்சுரலிஸ்ட் போன்ற இணையத்தளங்களில் நான்கு படங்களையும் ஒரே பதிவில் சேருங்கள். செயலி தானாகச் சொல்லும் பெயரை அப்படியே ஏற்காதீர்கள். வேறு கண்டத்து நெருங்கிய வகையை அது காட்டுவதுண்டு; பரவல் வரைபடத்தில் தென்னிந்தியா இருக்கிறதா என்று பார்த்தபின் கையேட்டோடு ஒப்பிடுங்கள். ஐயம் இருந்தால் பேரினம் (அறிவியல் பெயரின் முதல் சொல்) வரை, அல்லது குடும்பம் வரை எழுதி நிறுத்துங்கள். 'லிபெலுலிடே, பெண்' என்பது முழுமையான, நேர்மையான பதிவு.

குறிப்பேட்டில் தேதி, நேரம், இடம், வெயிலா மேகமா, நீர் நிற்பதா ஓடுவதா, எண்ணிக்கை, ஆண் பெண், என்ன செய்தது ஆகியவை ஒவ்வொரு முறையும் வேண்டும். எண்ணிக்கையை ஒப்பிட வேண்டுமானால் கரையில் 100 மீட்டரை அளந்து, அதே தடத்தில் 20 நிமிடம், அதே வேகத்தில் இரு வாரத்துக்கு ஒருமுறை நடங்கள். ஒருநாள் காலையிலும் மறுமுறை மாலையிலும் போனால் எண்கள் எதையும் காட்டாது. காணாத வகையையும் 'இல்லை' என்று எழுதுங்கள். தெளிந்த ஓடைகளில் வாழும் ஊசித்தட்டானான ஹீலியோசைபா பைசிக்னேட்டா ஓர் ஓடையில் இல்லாமல் போய், அதே இடத்தில் பிராகிதெமிஸ் கண்டாமினேட்டா பெருகினால், நீருக்கு என்ன நடந்தது என்பதை அந்த இரண்டு வரிகளே காட்டிவிடும்.

நாணல் தண்டிலும் பாறையிலும் ஒட்டியிருக்கும் காய்ந்த பழுப்புக் கூடுகளையும் விட்டுவிடாதீர்கள். நீருக்குள் கொசுப்புழுக்களைத் தின்று வளர்ந்த இளம்பூச்சி கரையேறித் தோலுரித்த கூடு அது. பறக்கும் தட்டான் வேறெங்கிருந்தோ வந்திருக்கலாம். கூடு கிடைத்தால் அது அந்த நீரிலேயே பிறந்து வளர்ந்தது என்பதற்குச் சான்று. நீர்மட்டத்திலிருந்து எத்தனை செ.மீ உயரத்தில் இருந்தது என்று அளந்துவிட்டு, ஈரம் உலர்ந்தபின் தீப்பெட்டியில் பஞ்சு வைத்து எடுத்துவையுங்கள். பெட்டியின் மேல் தேதியும் இடமும் பென்சிலால் எழுதுங்கள். பேனா மை நாளடைவில் மங்கிவிடும்.